கோஸ்ட்டி டெர்மினல்: பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், மாறலாமா?

கொல்லிமலை_கோடர்

வணக்கம். பகல் முழுக்க டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் ஜன்னல்) கிடக்கிற ஆள் நான். அலுவலகத்தில் மேக், அதில் ஐடெர்ம்2. வீட்டில் பழைய திங்க்பேட், அதில் டெபியன் லினக்ஸும் க்னோம் டெர்மினலும், ஒரே ஜன்னலைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸும். பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள் ஒவ்வொருவராகக் கோஸ்ட்டிக்குப் போய்விட்டார்கள். கேட்டால் "ரொம்ப வேகம்" என்கிறார்கள். க்ரெப் (உரையில் தேடும் கட்டளை) முடிவு 8 மில்லி நொடியில் வந்தால் என்ன, 3 மில்லி நொடியில் வந்தால் என்ன, படிக்கப்போவது அதே கண்தானே?

என் வேலையில் பாதி தமிழ்த் தரவு. ஓசிஆர் செய்த (பக்கப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய) பழைய நூல்களின் உரையைக் க்ரெப், செட், பைத்தான் வைத்துச் சுத்தம் செய்வேன். மீதிப் பாதி, வாடிக்கையாளர்களின் அரதப் பழசான சர்வர்களுக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இணையும் வழி) போட்டு நுழைவது. இந்த இரண்டுக்கும் கோஸ்ட்டி எப்படி? வீட்டு மடிக்கணினியில் ஓடுமா? தமிழ் ஒழுங்காகத் தெரியுமா? வேகத்தைத் தவிர மற்றதைச் சொல்லுங்கள்.

---

தட்டச்சுத்_தம்பி

மேக்கில் 1.0 வந்த நாளிலிருந்து (2024 டிசம்பர் கடைசி வாரம்) இதுதான் எனக்கு. வேகத்தைச் சொல்லக் கூடாது என்கிறீர்கள், சரி.

எனக்குப் பிடித்தது, நிறுவியதும் அப்படியே வேலை செய்கிறது. கான்ஃபிக் கோப்பு காலியாகவே இருக்கலாம். ஜெட்பிரைன்ஸ் மோனோ எழுத்துரு உள்ளேயே வருகிறது, நெர்டு ஃபான்ட் குறியீடுகளும் (நிரலர்கள் விரும்பும் சின்னப் படக்குறிகள்) தனியாக நிறுவாமலே தெரிகின்றன. நூற்றுக்கணக்கில் வண்ணத் தீம்கள் கூடவே வருகின்றன, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று இரண்டு பெயரை ஒரே வரியில் கொடுத்துவிடலாம். மேக்கில் முகப்பு ஸ்விஃப்டில் எழுதியது, லினக்ஸில் ஜிடிகே4. அதனால் இரண்டு இடத்திலும் டேப், மெனு எல்லாம் அந்தந்த ஊர்க்காரர் மாதிரியே நடந்துகொள்கின்றன. உள்ளே இருக்கிற எஞ்சின் ஜிக் மொழியில் எழுதியது, இரண்டுக்கும் பொது.

அப்புறம் க்விக் டெர்மினல். ஒரு விசையைத் தட்டினால் திரையின் மேலிருந்து இறங்கும், திரும்பத் தட்டினால் போய்விடும். இதற்காகவே முன்பு தனி மென்பொருள் வைத்திருந்தேன். லினக்ஸில் வேலண்டின் (திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறை) கீழ் கேடிஇ போன்ற சில டெஸ்க்டாப்களில்தான் இது வரும், க்னோமில் இருப்பவர்கள் எதிர்பார்க்க வேண்டாம்.

பிடிக்காதது: 1.0 வந்தபோது ஸ்க்ரோல்பேக்கில் (மேலே போய்விட்ட பழைய வரிகளில்) தேடும் வசதியே கிடையாது. 2024-இல் வெளியான டெர்மினலில் கன்ட்ரோல்-எஃப் இல்லை! 1.3 வந்த பிறகுதான் தேடலும் ஸ்க்ரோல்பாரும் கிடைத்தன. அதுவரை டிமக்ஸை வைத்து ஓட்டினோம். இன்னொன்று, அமைப்புகளுக்கு ஜன்னல் கிடையாது, எல்லாம் உரைக் கோப்புதான். உங்களுக்கு அது பிரச்சினையாக இருக்காது.

எச்சரிக்கை ஒன்று. ஸ்க்ரோல்பேக் அளவு இதில் வரிக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. ஐடெர்ம் பழக்கத்தில் 10000 என்று போட்டுவிட்டு "மேலே போகவே மாட்டேன் என்கிறது" என்று வருகிறவர்கள் அதிகம். இயல்பாக இருப்பது சுமார் 10 எம்பி, அதைத் தொடாமல் விட்டாலே போதும்.

---

பழைய_சர்வர்

எஸ்எஸ்ஹெச் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் எல்லோரும் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

கோஸ்ட்டி தன்னை "எக்ஸ்டெர்ம்-கோஸ்ட்டி" என்று அறிவித்துக்கொள்கிறது. நீங்கள் நுழையும் சர்வரின் டெர்மின்ஃபோ தரவுத்தளத்தில் (எந்த டெர்மினல் என்ன செய்யும் என்ற பட்டியல்) அந்தப் பெயர் இருக்காது. உடனே முழுத்திரையில் ஓடும் விம், டாப், லெஸ் எல்லாம் முரண்டு பிடிக்கும், பேக்ஸ்பேஸ் அடித்தால் இடைவெளி விழும், "பொருந்தாத டெர்மினல்" என்று செய்தி வரும். கிட்டி, அலாக்ரிட்டி என்ற மற்ற டெர்மினல்களும் இதே வழியில் போனவைதான், அங்கேயும் இதே கூத்து உண்டு.

தீர்வுகள் மூன்று. உங்கள் கணினியில் இன்ஃபோகம்ப் கட்டளை கொடுக்கும் பதிவை எஸ்எஸ்ஹெச் வழியாக அனுப்பி அந்தப் பக்கத்தில் டிக் கட்டளையால் ஏற்றலாம். ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டாம், உங்கள் ஹோம் அடைவிலேயே உட்காரும். இரண்டாவது, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் அந்த சர்வருக்கு மட்டும் டெர்ம் மாறியை (டெர்மினலின் பெயரைச் சொல்லும் சூழல் மாறி) "எக்ஸ்டெர்ம்-256கலர்" என்று மாற்றி அனுப்பலாம். மூன்றாவது 1.2 முதல் வந்தது: ஷெல் (கட்டளைகளை வாங்கி நடத்தும் நிரல்) இன்டக்ரேஷன் அமைப்பில் எஸ்எஸ்ஹெச் தொடர்பான இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று முதல் முறை நுழையும்போது டெர்மின்ஃபோவைத் தானே ஏற்றிவிடும், மற்றது மாறியைத் தானே மாற்றிவிடும். இரண்டும் இயல்பில் அணைந்திருக்கும். நீங்கள்தான் இயக்க வேண்டும்.

வாடிக்கையாளர் சர்வர் என்றால் இரண்டாவது வழியே நல்லது. அடுத்தவர் கணினியில் நம் கோப்பை எதற்குப் போட வேண்டும்? தணிக்கை நடக்கும் இடமாக இருந்தால் அதற்கும் ஒரு மின்னஞ்சல் வரும்.

சுடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டுவது) போட்டாலும் இதே பிழை உங்கள் சொந்தக் கணினியிலேயே வரலாம். சுடோ சூழல் மாறிகளைத் துடைத்துவிடுவதால் டெர்மின்ஃபோ இருக்கும் இடம் ரூட்டுக்குத் தெரியாமல் போகிறது. அந்த ஒரு மாறியை விட்டுவைக்கும்படி சுடோயர்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1.0-இல் ஜன்னல் தலைப்பைக் கேட்டு வாங்கும் எஸ்கேப் வரிசை (டெர்மினலுக்கு இடும் மறை கட்டளை) திறந்திருந்தது. நம்பகமில்லாத கோப்பை கேட் செய்தால் (திரையில் கொட்டினால்), அது தலைப்பை மாற்றி, அதையே உங்கள் ஷெல்லில் தட்டச்சு செய்ததுபோல் திருப்பி அனுப்ப வைக்கலாம். 2003-லேயே பதிவான ஓட்டை இது, புது மென்பொருளில் திரும்பி வந்தது. ஒரு வாரத்துக்குள் 1.0.1 வெளியிட்டு அடைத்துவிட்டார்கள். ஓட்டை இருந்ததைவிட எவ்வளவு சீக்கிரம் அடைத்தார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

---

ரிச்சி_தெரு

வீட்டு திங்க்பேட் எந்த மாடல்? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

லினக்ஸில் கோஸ்ட்டி ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறையில் வரைகிறது. 1.2-இல் அந்தப் பகுதியை மாற்றி எழுதியபோது குறைந்தபட்சத் தேவை 4.3 ஆகிவிட்டது. இன்டெல் சிப்களில் சாண்டி பிரிட்ஜ் (எக்ஸ்220 காலம்) 3.3 வரைதான் தரும். ஐவி பிரிட்ஜ் (எக்ஸ்230, டி430) 4.2-இல் நின்றுவிடும். ஹாஸ்வெல் முதல் கவலை இல்லை. நம் ஊரில் செகண்ட்ஹேண்டில் அதிகம் ஓடுகிற மாடல்களே எக்ஸ்230-உம் டி430-உம்தான். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெளியே நிற்கிறார்கள்.

---

கொல்லிமலை_கோடர்

டி430தான் அண்ணே. பேட்டரி மாற்றி, எஸ்எஸ்டி போட்டு, 16 ஜிபி ஏற்றி வைத்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பெட்டியைக் காட்ட இது போதாதா?

---

ரிச்சி_தெரு

லினக்ஸின் வரைகலை நூலகமான மெசாவைக் கட்டாயமாக மென்பொருள் வழியில் வரையச் சொல்லும் சூழல் மாறி இருக்கிறது, அதைப் போட்டால் திறக்கும். ஆனால் ஜிபியு (வரைகலைச் சிப்) செய்ய வேண்டியதையெல்லாம் சிபியு தலையில் ஏற்றிவிட்டு அதை "ஜிபியு டெர்மினல்" என்று கூப்பிட வேண்டியதுதான். விசிறி சத்தம் போடும்.

டி430-க்கு ஃபுட் என்ற டெர்மினலைப் போடுங்கள். வேலண்டில் மட்டும்தான் ஓடும், சிபியுவிலேயே வரைகிறது, மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரைவதால் பழைய கணினியிலும் லேசாக இருக்கும். சர்வராக ஒன்றை ஓடவிட்டால் புது ஜன்னல் தட்டியதும் திறக்கும். டேப் கிடையாது, அது டிமக்ஸ் வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், க்னோமில் ஃபுட் ஓடும், ஆனால் ஜன்னல் தலைப்புப் பட்டையை அதுவே வரைந்துகொள்ளும், பார்க்க மற்ற ஜன்னல்களோடு ஒட்டாது.

டெபியனுக்கு இன்னொன்று. கோஸ்ட்டி திட்டத்தினர் லினக்ஸுக்கு ஆயத்தப் பொதி எதுவும் தருவதில்லை. ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. மற்றவர்கள் யாரோ கட்டித் தரும் டெப் கோப்பையோ ஸ்னாப்பையோ எடுக்க வேண்டும், அல்லது மூலத்திலிருந்து கட்ட வேண்டும். கட்டுவதற்கு அந்தப் பதிப்புக்கென்று குறித்த ஜிக் பதிப்பே வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தொகுக்காது.

---

யாழ்_நிரலகம்

தமிழைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் கனகாலமாக இதோடு மல்லுக்கட்டுகிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெர்மினல் என்பது இன்றைக்கும் கட்டம் போட்ட தாள். 1978-இல் டெக் நிறுவனத்தின் விடி100 திரைக்கருவி 80 நெடுவரிசை, 24 வரி என்று வந்தது. அந்தக் கட்டத்துக்குள்தான் இன்னும் எல்லோரும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்று, கட்டம் ஒன்று. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்று பிறகு முடிவு செய்தார்கள். நமக்கு யாரும் முடிவு செய்யவே இல்லை, யூனிகோட் பட்டியலில் இருந்த வகைப்பாட்டை எடுத்து அப்படியே போட்டுவிட்டார்கள்.

அந்த வகைப்பாடு என்ன செய்கிறது என்று பாருங்கள். யூனிகோடில் புள்ளியும் ஈகாரக் குறியும் "இடம் எடுக்காத குறிகள்". ஆகாரம், இகரம், உகரம், ஊகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் எல்லாம் "இடம் எடுக்கும் குறிகள்". லினக்ஸின் ஜிலிப்சி (அடிப்படை நிரல் நூலகம்) இதை வைத்துத்தான் அகலம் சொல்கிறது. அதன் கணக்கில் "கீ" ஒரு கட்டம், "கி" இரண்டு கட்டம்! "க்" ஒன்று, "கு" இரண்டு. "கொ" இரண்டு. கண்ணால் பார்க்கிற அகலத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பாஷ் ஷெல்லில் தமிழ் தட்டச்சு செய்து பேக்ஸ்பேஸ் அடித்துப் பாருங்கள். "கீ" முழுதாக அழியும், "கி"யில் குறி மட்டும் போய் "க" நிற்கும். அதுவும் இந்தக் கணக்கின் விளைவுதான், பாஷின் ரீட்லைன் (கட்டளை வரியைத் திருத்தும் பகுதி) அகலம் பூஜ்யமாக உள்ளதை மட்டும் முன்னெழுத்தோடு சேர்த்து அழிக்கும்.

கோஸ்ட்டி இங்கேதான் வேறுபடுகிறது. இயல்பிலேயே அது கிராபீம் கணக்கில் போகிறது. குறி எத்தனை சேர்ந்தாலும் பயனர் பார்க்கும் ஓர் எழுத்தை ஓர் அலகாக எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் வைக்கும். நான் பார்த்த 1.2-இல் "கி", "கீ", "கொ" எல்லாமே ஒரு கட்டம். கான்டூர் டெர்மினலை எழுதியவர் முன்மொழிந்த 2027 என்ற பயன்முறையை இது பின்பற்றுகிறது. ஒரு நிரல் "நீ கிராபீம் கணக்கில் இருக்கிறாயா" என்று டெர்மினலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாஷ் கேட்பதில்லை. பாஷ் "கி" எழுதிவிட்டுக் கர்சர் இரண்டு நகர்ந்தது என்று நினைக்கும், கோஸ்ட்டி ஒன்றுதான் நகர்த்தியிருக்கும். "திருக்குறள்" என்று பெயருள்ள கோப்பைக் கட்டளை வரியில் வைத்துக்கொண்டு நடுவில் போய்த் திருத்த முயன்றால் கர்சர் ஓரிடம், எழுத்து விழுவது வேறிடம். எல்எஸ் (கோப்புப் பட்டியல்) நெடுவரிசைகள் கோணும். இதில் கோஸ்ட்டி மேல் பழி போட முடியாது. எழுத்தை எண்ணுவதில் அது செய்வதுதான் சரி. ஆனால் மற்ற எல்லோரும் வேறு கணக்கு வைத்திருக்கும்போது ஒருவர் மட்டும் சரியாக இருப்பதால் திரை நேராவதில்லை.

ஒத்துப்போகும் நிரல்களும் உண்டு. நியோவிம் எடிட்டர் 0.11 முதல் யூனிகோட் கிராபீம் விதிக்கு மாறிவிட்டது. பைத்தானில் எழுத்தகலம் சொல்லும் டபிள்யூசிவிட்த் நூலகம் 2023-இல் வந்த 0.2.9-இல் தமிழ், கன்னடம், தேவநாகரி எல்லாவற்றின் குறிகளையும் பூஜ்ய அகலம் ஆக்கியது. இப்போது அதே கணினியில் பாஷ் ஒரு கணக்கு, பைத்தான் நூலகம் ஒரு கணக்கு. நடுவில் டிமக்ஸ் இருந்தால் அது தனியாக ஒன்று வைத்திருக்கும்.

எண்ணுவது இப்படி. வரைவது அடுத்த தலைவலி. "கொ"வுக்கு எகரக் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. மூன்று வடிவத்தையும் ஆங்கில "ஐ" எழுத்து உட்காரும் ஒரு கட்டத்தில் திணித்தால் பக்கத்து எழுத்தின் மேல் ஏறும். "ணை", "ஞௌ" இன்னும் மோசம். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் இரண்டுமே சம அகல எழுத்துருக்கள் இல்லை. வடிவமைக்கும் வேலையைக் கோஸ்ட்டி லினக்ஸில் ஹார்ஃப்பஸ்ஸிடமும் மேக்கில் கோர்டெக்ஸ்டிடமும் கொடுக்கிறது, அதனால் கொம்பு இடம் மாறி நிற்கும் அவலம் இல்லை. அலாக்ரிட்டியில் அந்த வடிவமைப்பே கிடையாது. ஆக எழுத்து சரியாக உருவாகிறது, நெரிசல்தான்.

---

தட்டச்சுத்_தம்பி

அண்ணா, அப்படியென்றால் "க்ஷ", "ஸ்ரீ" என்ன ஆகும்?

---

யாழ்_நிரலகம்

நல்ல கேள்வி. யூனிகோட் 15.1-இல் கூட்டெழுத்துகளை ஒரே கிராபீமாக எடுக்கும் விதி சேர்த்தார்கள், தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்கு. தமிழ் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. நமக்குப் புள்ளி வைத்த மெய் தனி எழுத்து, "க்க" என்பது இரண்டெழுத்து. அந்த விதியைத் தமிழுக்குப் போட்டிருந்தால் "பக்கம்" நாலெழுத்திலிருந்து மூன்றாகச் சுருங்கியிருக்கும். அதற்கு விலையாக க்ஷ-வும் ஸ்ரீ-யும் இரண்டு அலகாகவே நிற்கும். எழுத்துரு இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக வரைந்தால் அது இரண்டு கட்டத்தில் பரந்து உட்காரும். சொல்லப்போனால் டெர்மினலில் மூச்சுவிட இடம் கிடைக்கும் தமிழ் எழுத்துகள் இந்த இரண்டும்தான்.

---

செம்பருத்தி

யாழ் அண்ணா சொன்னதோடு ஒரு நடைமுறைக் குறிப்பு. கோஸ்ட்டியில் ஒரு யூனிகோட் வரம்புக்கு மட்டும் குறிப்பிட்ட எழுத்துருவைக் கட்டிப்போடலாம், "ஃபான்ட்-கோட்பாயின்ட்-மேப்" என்ற அமைப்பு. தமிழ் வரம்பு முழுவதற்கும் நீங்கள் விரும்பும் எழுத்துருவைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கணினி எதைக் கண்டெடுக்கிறதோ அதுதான் வரும், மேக்கில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று. ஒடுங்கிய வகை எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்தால் நெரிசல் பாதி குறையும். அதோடு கட்டத்தின் அகலத்தைக் கூட்டும் அமைப்பும் இருக்கிறது, 15 விழுக்காடு கூட்டினால் தமிழ் படிக்கும்படி வருகிறது. ஆங்கிலம் இடைவெளி விட்டு நிற்கும், எனக்குப் பழகிவிட்டது.

கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பயன்படுத்துபவர்களுக்கு: தமிழ்க் கோப்புப் பெயர் "340 256" என்று எண்களாக வந்தால் அதற்கும் டெர்மினலுக்கும் சம்பந்தமில்லை. கிட் தானே பைட்டுகளை எட்டடிமான எண்ணில் எழுதிக் காட்டுகிறது. கோர்.குவோட்பாத் அமைப்பை அணைத்தால் தமிழாகவே வரும். எந்த டெர்மினல் இழையிலும் யாராவது ஒருவர் இதை டெர்மினலின் குறையாக எழுதிவிடுகிறார், அதனால் முன்கூட்டியே.

---

வெறுங்கை_வேந்தன்

எல்லாம் சரி. இதை எழுதிய மிட்செல் ஹாஷிமோட்டோ, ஹாஷிகார்ப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதன் டெர்ராஃபார்ம் மென்பொருள் 2023-இல் திறந்த உரிமத்திலிருந்து கட்டுப்பாடுள்ள பிஎஸ்எல்லுக்கு மாறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பழகி, கான்ஃபிக் எழுதி, விரல்களுக்கு விசைகள் ஏறிய பிறகு இதுவும் மாறினால்? நான் எக்ஸ்டெர்ம் டெர்மினலில் இருக்கிறேன், 1984-லிருந்து இருக்கிறது, நாளையும் இருக்கும்.

---

பழைய_சர்வர்

வேந்தன், சந்தேகம் நியாயம்தான், ஆனால் இங்கே பொருந்தாது என்று நினைக்கிறேன். கோஸ்ட்டி எம்ஐடி என்ற தாராளமான திறந்த உரிமத்தில் இருக்கிறது. 2025 டிசம்பரில் திட்டத்தை ஹேக் கிளப் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் நிதிக் குடையின் கீழ் கொண்டுபோனார்கள். மிட்செல் ஹாஷிமோட்டோ தனக்கு இதிலிருந்து பணம் தேவையில்லை என்ற இடத்தில் இருப்பவர். முதலீட்டாளர் பணத்தில் ஓடி, பிறகு சந்தா கேட்கும் டெர்மினல்கள் பக்கம் உங்கள் சந்தேகத்தைத் திருப்பலாம். வார்ப் 2024 கடைசி வரை கணக்குத் தொடங்கி உள்நுழையாமல் திறக்கவே விடவில்லை. டெர்மினலுக்குக் கடவுச்சொல்லா என்று அப்போது சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

---

வெறுங்கை_வேந்தன்

சரி, உரிமத்தை விடுகிறேன். எக்ஸ்டெர்மை விட மாட்டேன்.

---

நள்ளிரவு_லாக்

நினைவகம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1.3-க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், குறிப்பாகத் தமிழ் உரையோடு வேலை செய்பவர்கள், உடனே மேம்படுத்துங்கள். காரணம் சுவாரசியமானது.

கோஸ்ட்டி ஸ்க்ரோல்பேக்கைப் பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைக்கிறது. வழக்கமான பக்கங்கள் ஒரே அளவு, அவற்றை ஒரு குளத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் போடும். ஒரு பக்கத்தில் பல குறியீடுகள் சேர்ந்த எழுத்துகளோ நிறங்களோ இணைப்புகளோ அளவுக்கு மேல் வந்தால், அதற்கு மட்டும் பெரிய பக்கத்தைத் தனியாக ஒதுக்கும். ஸ்க்ரோல்பேக் எல்லையைத் தொட்டதும் மிகப் பழைய பக்கத்தை எடுத்துப் புதுப் பக்கமாகத் திரும்பப் பயன்படுத்தும். அந்த நேரத்தில் பெரிய பக்கத்தின் மேல் "வழக்கமான அளவு" என்று குறித்துவிட்டார்கள், அடியில் இருந்த நினைவகம் பெரிதாகவே கிடந்தது. பிறகு விடுவிக்கும்போது, இது வழக்கமானதுதானே என்று குளத்தில் போட்டார்கள். இயங்குதளத்துக்கு அது திரும்பிப் போகவே இல்லை.

1.0 காலத்திலிருந்தே இந்தப் பிழை இருந்தும் பலருக்குத் தெரியாமல் போனது, ஏனென்றால் சாதாரண ஆங்கில வெளியீட்டில் பெரிய பக்கம் அபூர்வம். க்ளாட் கோட் போன்ற ஏஐ கருவிகள் குவியல் குவியலாகப் பல குறியீட்டு எழுத்துகளை உமிழத் தொடங்கியதும்தான் ஜிபி கணக்கில் வீங்கி எல்லோரும் கத்தினார்கள். 2026 ஜனவரியில் காரணத்தைக் கண்டுபிடித்து விளக்கமாக எழுதினார்கள், திருத்தம் 1.3-இல் சேர்ந்தது.

இப்போது யோசியுங்கள். தமிழில் அகரம் ஏறியவை தவிர உயிர்மெய்யும் மெய்யும் எல்லாமே பல குறியீட்டு எழுத்துகள். தமிழ் உரையைப் பக்கம் பக்கமாக கேட் செய்கிற ஒருவர் ஏஐ கருவி எதுவும் இல்லாமலே அந்தப் பெரிய பக்கங்களை உருவாக்கிக்கொண்டிருப்பார்.

---

கொல்லிமலை_கோடர்

எல்லோருக்கும் நன்றி. அலுவலக மேக்கில் 1.3 நிறுவிப் பார்த்தேன், என் கோப்புகளை வைத்தே சோதித்தேன்.

எஸ்எஸ்ஹெச்: பழைய_சர்வர் சொன்னபடி மாறியை மாற்றும் தேர்வை மட்டும் இயக்கினேன், எல்லா சர்வரிலும் சத்தமில்லாமல் போகிறது.

தமிழ் படிப்பது: செம்பருத்தி சொன்ன எழுத்துரு வரம்பும் கட்ட அகலமும் சேர்த்த பிறகு, லெஸ்ஸில் ஓசிஆர் உரையைத் தடையில்லாமல் படிக்க முடிகிறது. புள்ளி விடுபட்ட இடம், "ர"வுக்குப் பதில் கால் விழுந்த இடம் எல்லாம் கண்ணில் படுகின்றன. எனக்கு அதுதான் வேண்டும்.

தமிழ் திருத்துவது: கட்டளை வரியில் இல்லை. யாழ்_நிரலகம் சொன்ன கர்சர் கூத்து அப்படியே நடக்கிறது. செட் கட்டளைக்குள் தமிழ்ச் சொல்லைப் போட்டு நடுவில் திருத்த முடியவில்லை. இப்போதைக்குக் கட்டளையை எடிட்டரில் திறக்கும் விசையை (கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ) அடித்து நியோவிமில் எழுதி அனுப்புகிறேன். அங்கே கர்சர் சொன்ன இடத்தில் நிற்கிறது.

வீட்டு டி430-இல் ஃபுட் போட்டாயிற்று. தலைப்புப் பட்டை அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். கிராபீம் கணக்கை அணைக்கும் அமைப்பு ஆவணத்தில் இருக்கிறதே, "லெகசி" என்று. அதைப் போட்டால் பாஷோடு ஒத்துப்போகுமா?

---

யாழ்_நிரலகம்

பழைய நிரல்களோடு ஒத்துப்போகத்தான் அதை வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளின் அகலம் தவறாகலாம் என்று ஆவணமே சொல்கிறது. உங்கள் வேலை பெரும்பாலும் படிப்பது. அதைத் தொட வேண்டாம் என்பேன்.

நிரந்தரத் தீர்வு இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் பேசுவதுதான். கிட்டியை எழுதிய கோவிட் கோயல் 2025-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தார். "இந்த உரை இத்தனை கட்டம்" என்று நிரலே டெர்மினலுக்குச் சொல்லிவிடும், டெர்மினல் ஊகிக்க வேண்டியதில்லை. தமிழுக்கு இதுவே சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. "கொ"வுக்கு இரண்டு கட்டம் வேண்டும் என்று நியோவிம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நெரிசலும் தீரும், கர்சரும் தப்பாது. ஆனால் டெர்மினல்கள் மட்டும் ஏற்றால் போதாது, ஷெல்களும் எடிட்டர்களும் அதைப் பேச வேண்டும்.

ஜிலிப்சி "கி"க்கு இரண்டு சொல்வதை மாற்றக் கேட்டு யாராவது எழுதப்போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். தமிழ் எடுத்துக்காட்டுகளோடு ஒரு சோதனைக் கோப்பு வைத்திருக்கிறேன், தருகிறேன்.

---

செம்பருத்தி

நான் எழுதுகிறேன் அண்ணா. கோப்பை அனுப்புங்கள். கிரந்த எழுத்துகளையும் ஃ-ஐயும் சேர்த்திருக்கிறீர்களா?

---

யாழ்_நிரலகம்

கிரந்தம் இருக்கிறது. ஆய்தம் சேர்க்கவில்லை, அது குறி இல்லாத தனி எழுத்து, எல்லோரும் ஒன்று என்றே எண்ணுகிறார்கள். வேண்டுமானால் ஒப்பிடுவதற்கு ஒரு வரி போட்டு இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.